சத்திரத்துத் தூணில் ஓர் ஆப்பிரிக்கச் சிலந்தி

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பேருந்துக்காக நீங்கள் காத்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மலைக்கோட்டையை ஏற்கெனவே நூறு முறை பார்த்தாயிற்று. கையிலிருந்த செய்தித்தாளும் முடிந்துவிட்டது. பக்கத்துத் தூணில் கண் போகிறது. அங்கே சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக ஒரு கறுப்பு உருவம். விரலை அதன் அருகே நீட்டுகிறீர்கள். அது ஓடவில்லை. சட்டென்று திரும்பி உங்களை நேருக்கு நேர் பார்க்கிறது! விரலை இடப்புறம் நகர்த்தினால் அதுவும் இடப்புறம் திரும்புகிறது. வலப்புறம் கொண்டுபோனால் வலப்புறம். இன்னும் நெருங்கினால் ஒரே தாவலில் நான்கு விரற்கடை தள்ளிப் போய் அமர்ந்து, மறுபடியும் திரும்பிப் பார்க்கிறது.

எறும்பும் ஈயும் நம்மைக் கண்டால் விலகிப் போகும். ஆனால் இப்படி நின்று முகம் பார்க்கும் சிற்றுயிர் அரிது. இதுதான் தாவும் சிலந்தி. நம் பழைய அகராதிகளில் இதற்கு 'ஈப்புலி' என்று அழகான பெயர் இருக்கிறது. இது வலை பின்னிக் காத்திருப்பதில்லை. புலியைப் போலப் பதுங்கி, இரை இருக்கும் தூரத்தைக் கணித்து, பாய்ந்து பிடிக்கிறது. பாயும் முன் பின்புறமாக ஒரு நூலைச் சுவரில் ஒட்டவைத்துக் கொள்ளும். குறி தவறினால் அந்த நூலில் தொங்கி மேலே ஏறிவிடலாம்.

உங்கள் எதிரே இருக்கும் ஈப்புலி எந்த வகை? இப்படிக் கேட்டுவிட்டால் விடை தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கும். சத்திரத்திலிருந்து புறப்பட்டு நைல் நதிக்கரை வரை போய், அங்கிருந்து பாரிஸ் நகரத்தில் இருட்டாக்கப்பட்ட ஓர் அறைக்கும் போய்த்தான் திரும்ப முடியும்.

முதலில் தூணிலிருப்பவரை நன்றாகப் பார்த்துக்கொள்வோம். நம் ஊர்க் கட்டடங்களில் அடிக்கடி தென்படும் தாவும் சிலந்திகளுள் மூன்று, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஒன்று 'பிளெக்சிப்பஸ் பைகுல்லி'. ஏறக்குறைய 10 மி.மீ. நீளம். ஆண் கறுப்பு, நடுமுதுகில் ஒரு வெள்ளைப் பட்டையும் இரு ஓரங்களிலும் வெள்ளைக் கோடுகளும் ஓடும். பெண் சாம்பல் கலந்த பழுப்பு. இரண்டாவது 'மெனிமெரஸ் பைவிட்டாட்டஸ்'. இது சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும் தட்டை உடல் கொண்டது. உடலெங்கும் சாம்பல் நிற மயிர். மூன்றாவதுதான் இக்கட்டுரையின் நாயகன். பெயர் 'ஹசாரியஸ் அடன்சோனி'. ஆண் சுமார் 6 மி.மீ., பெண் 8 மி.மீ. வரை. ஓர் உளுத்தம்பருப்பின் அளவு என்று சொன்னால் மிகையாகாது. ஆணின் முகத்தில் செந்நிற முகமூடி போட்டாற்போல ஒரு பகுதி இருக்கும். தலைமார்பின் பின்பக்கம் ஒரு வெள்ளைப் பிறை. அதை எதிர்கொள்வது போல வயிற்றின் முன்பக்கம் இன்னொரு வெள்ளைப் பிறை. வயிற்றின் பின்பாதியில் இரு வெள்ளைப் புள்ளிகள். இவ்வளவும் ஓர் உளுத்தம்பருப்பில்!

பளிச்சென்ற சுவரிலும் தூணிலும் பைகுல்லியையே அதிகம் காண்பீர்கள். மாலையில் விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும்போது, அவற்றை வேட்டையாட இதுவும் விளக்கருகே வரும். அடன்சோனிக்கு நிழலும் சற்று ஈரமும் பிடிக்கும். கடைகளின் மூலை, பூந்தொட்டியின் அடி, தண்ணீர்க் குழாயின் பின்புறம் ஆகிய இடங்களில் தேடுங்கள்.

இவை ஆப்பிரிக்காவிலிருந்து எப்போது வந்தன என்பதற்குப் பதிவேடு கிடையாது. கப்பல் சரக்கிலும் மரத்துண்டிலும் செடித்தொட்டியிலும் தொற்றிக்கொண்டு உலகின் வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்டன. மனிதன் கட்டிய சுவர் இருந்தால் போதும், குடியேறிவிடும். 'சத்திரம்' என்ற சொல்லுக்கே வழிப்போக்கர் தங்குமிடம் என்பதுதானே பொருள்? அந்த வகையில் இடம் பொருத்தமானதுதான்.

இனி பெயர்க் கதைக்கு வருவோம்.

1798-ஆம் ஆண்டு மே மாதம். பிரான்சின் தூலோன் துறைமுகத்திலிருந்து ஒரு பெரும் படை எகிப்தை நோக்கிப் புறப்பட்டது. தலைவர் நெப்போலியன். அந்தப் படையோடு 150-க்கும் மேற்பட்ட அறிஞர்களும் கலைஞர்களும் சென்றனர். பொறியாளர், கணித அறிஞர், வேதியியலார், ஓவியர், இயற்கை ஆய்வாளர் எனப் பலரும் அதில் இருந்தனர். நாடு பிடிக்கப் போகிறவர் பூச்சி பிடிக்கிறவரையும் உடன் அழைத்துப் போனார் என்பதைக் கவனியுங்கள். அப்படிப் போனவர்களுள் ஒருவர் ஜூல் செசார் சாவினி. 1777-இல் புரோவேன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது 21. தாவரவியலில் நாட்டம் கொண்டிருந்த அந்த இளைஞருக்கு எகிப்தில் கிடைத்த பொறுப்பு, முதுகெலும்பில்லா உயிர்களை ஆராய்வது. மீன், முதலை, பறவை போன்ற பெரிய உயிர்களையெல்லாம் ஜொஃப்ருவா சாந்திலேர் என்ற விலங்கியலார் எடுத்துக்கொண்டார். நண்டு, புழு, பூச்சி, சிலந்தி எல்லாம் சாவினியின் பங்கு.

(இந்தப் படையெடுப்புக்கும் நம் தென்னாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1799 ஜனவரியில் நெப்போலியன் எகிப்திலிருந்து திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கிக்கொண்டது. அவ்வாண்டு மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கடிதம் வரவில்லை, ஆனால் அதே எகிப்தில் அறிஞர்கள் சேகரித்த சிலந்திகளின் உறவினர்கள் இன்று நம் சுவர்களில் இருக்கிறார்கள்.)

எகிப்தில் பிரெஞ்சுப் படை நிலைக்கவில்லை. 1801-இல் அலெக்சாந்திரியாவில் ஆங்கிலேயரிடம் சரணடைய நேர்ந்தது. அறிஞர்கள் சேகரித்த பொருள்கள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்பது ஆங்கிலேயர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. புகழ்பெற்ற ரொசெட்டாக் கல் அப்படித்தான் லண்டனுக்குப் போயிற்று. ஆனால் உயிரினச் சேகரிப்புகளை விட்டுக்கொடுக்க அறிஞர்கள் மறுத்தார்கள். சாந்திலேரும் சாவினியும் இன்னொருவரும் ஆங்கிலத் தளபதியிடம் தூது சென்றார்கள். இவற்றை உங்களிடம் கொடுப்பதைவிட எங்கள் கையாலேயே கொளுத்திவிடுவோம். அலெக்சாந்திரியாவில் இன்னொரு நூலகத்தை எரித்த பழி உங்களைச் சேரும் என்று சாந்திலேர் எச்சரித்தார். தளபதி இறங்கி வந்தார். பெட்டிகள் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தன. அன்று அவை சாம்பலாகியிருந்தால் நம் தூணில் இருப்பவருக்கு இன்று வேறு பெயர்தான் இருந்திருக்கும்.

பாரிஸ் திரும்பிய சாவினி வேலையைத் தொடங்கினார். 'எகிப்தின் வருணனை' என்ற மாபெரும் நூல்வரிசையை அரசே வெளியிட ஏற்பாடு செய்தது. முதல் தொகுதி 1809-இல் வெளிவந்தது. அதற்கான முதுகெலும்பில்லா உயிர்களின் படத்தட்டுகளைச் சாவினி ஆயத்தம் செய்தார். அவர் வேலை செய்த முறை அக்காலத்துக்குப் புதியது. ஓர் உயிரின் முழு உருவத்தை வரைவதோடு நிற்கமாட்டார். அதன் கண்கள் எந்த வரிசையில் அமைந்துள்ளன, தாடை எப்படி, கால் நுனி எப்படி என்று ஒவ்வோர் உறுப்பையும் தனியே பிரித்து, உருப்பெருக்கியின் கீழ் வைத்து, தனித்தனிப் படமாகக் காட்டுவார். 5 மி.மீ. உடலின் வாயுறுப்பைப் பிரித்து வரைவதென்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மின்விளக்கு இல்லாத காலம். சூரிய வெளிச்சமும் எண்ணெய் விளக்குமே துணை. இப்படி ஆயிரக்கணக்கான சிறு உறுப்புகளைப் பார்த்ததால்தான் ஒரு பெரிய உண்மையும் அவருக்குப் புலப்பட்டது. வண்டின் கடிக்கும் வாயும் வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சும் குழலும் பார்வைக்கு எவ்வளவு வேறுபட்டாலும், அவை ஒரே உறுப்புகளின் மாற்றுருவங்களே என்று 1816-இல் அவர் நிறுவினார். பின்னாளில் வந்த பரிணாமக் கொள்கைக்கு இது போன்ற ஆய்வுகள் பேருதவி செய்தன.

மறு ஆண்டே, 1817-இல், கண் நோய் தாக்கியது. ஓய்வெடுத்தார், சற்றுத் தேறினார், மறுபடியும் உருப்பெருக்கியிடம் போனார். 1821-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1824-இல் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. இம்முறை விடவில்லை. சிறிது வெளிச்சம் பட்டாலும் தாங்க முடியாத வேதனை. கண்ணை மூடினாலும் உள்ளே ஒளிப்பிழம்புகள் எரிவது போன்ற தோற்றம். திரையிட்டு இருட்டாக்கிய அறையில் அடைந்து கிடக்க வேண்டியதாயிற்று. எகிப்தில் அப்போது பரவியிருந்த கண்நோயே காரணம் என்போர் உண்டு; ஆண்டுக்கணக்கில் உருப்பெருக்கியில் பார்த்ததே காரணம் என்போரும் உண்டு. தம் கண்ணுக்குள் தோன்றிய அந்தப் பொய்யொளிகளைப் பற்றியே 1838-இல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார் என்றால், அந்த மனிதரின் ஆராயும் குணத்தை என்னவென்று சொல்வது! வெளியே பார்க்க முடியாதபோது உள்ளே தெரிந்ததைக் குறித்துவைத்தார். 1851-இல், 74-ஆம் வயதில் அவர் மறையும் வரை வெளிச்சம் திரும்பவில்லை.

அவர் வரைவித்த படத்தட்டுகள் ஆயத்தமாக இருந்தன. ஆனால் அவற்றுக்கு உரை இல்லை. எந்தப் படம் எந்த உயிர், அதன் பெயர் என்ன என்று ஒரு வரி கூட எழுதப்படவில்லை. அரசு இன்னொருவரை அமர்த்தியது. அவர் விக்தோர் ஓதுவான், முப்பது வயதை எட்டாத இளைஞர். (பிரெஞ்சு ஒலிப்பில் அவர் பெயர் ஏறக்குறைய இப்படித்தான் வருகிறது. நம் காதுக்குத் தேவாரம் ஓதுபவர் நினைவு வந்தால் அது என் பிழையன்று!) இளைஞரிடம் சாவினியின் எழுத்துரை கிடையாது. ஆகவே படத்தைப் பார்த்தே உயிரை இனங்காண வேண்டியிருந்தது. ஏற்கெனவே பெயர் உள்ளதா என்று நூல்களைப் புரட்டி, இல்லாதவற்றுக்குப் புதுப் பெயர் சூட்டினார். 1826-ஆம் ஆண்டைத் தேதியாகக் கொண்டு வழங்கும் அந்த 'சுருக்க விளக்கம்'தான் நம் சிலந்திகளின் பிறப்புச் சான்றிதழ். படம் வரைந்தவர் உரை எழுதவில்லை. உரை எழுதியவர் அந்தச் சிலந்திகளை எகிப்தில் பார்க்கவில்லை.

தாவும் சிலந்திகளுக்கு ஓதுவான் தாராளமாக அறிஞர்களின் பெயர்களைச் சூட்டினார். ஒன்றுக்கு 'பைகுல்லி'. இது ஸ்வீடன் நாட்டு வண்டு ஆய்வாளர் குஸ்தாவ் பைகுல் என்பவரின் நினைவு. ஸ்டாக்ஹோம் இயற்கை அருங்காட்சியகத்துக்குத் தம் சேகரிப்பை வழங்கியவர் அவர். அந்த 1826-லேயே மறைந்தார். இன்னொன்றுக்கு 'அடன்சோனி'. மிஷேல் அடன்சோன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1749 முதல் சுமார் ஐந்தாண்டுகள் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் அலைந்து உயிர்களையும் செடிகளையும் ஆராய்ந்தவர். அவர் பெயரை நீங்கள் வேறோரிடத்தில் கேட்டிருக்கலாம். இராமநாதபுரம் பக்கமும், மன்னாரிலும் நெடுந்தீவிலும் பெருத்த அடிமரத்தோடு நிற்கும் ஆனைப்புளி என்ற பெருக்க மரத்தின் அறிவியல் பெயர் 'அடன்சோனியா'. அந்த மரமும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நிலத்தில் மிகப் பருத்த மரங்களுள் ஒன்றும் சுவரிலிருக்கும் 6 மி.மீ. சிலந்தியும் ஒருவர் பெயரையே சுமக்கின்றன.

இப்போது அறிவியல் நூல்களில் அந்தச் சிலந்தியின் பெயர் எப்படி அச்சாகிறது என்று பாருங்கள்: ஹசாரியஸ் அடன்சோனி (ஓதுவான், 1826). பெயரிட்டவரையும் ஆண்டையும் ஏன் பிறைக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள்? அதற்குப் பொருள் உண்டு. ஓதுவான் சூட்டிய முழுப்பெயர் 'அட்டஸ் அடன்சோனி'. அன்று தாவும் சிலந்திகளில் பெரும்பாலானவற்றை அட்டஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டிருந்தார்கள். 1871-இல் இயூஜின் சிமோன் என்ற பிரெஞ்சுச் சிலந்தியியலார் ஹசாரியஸ் என்ற புதிய பேரினத்தை ஏற்படுத்தினார். அடன்சோனி அங்கே மாற்றப்பட்டது. இப்படிப் பேரினம் மாறியவற்றுக்கு முதலில் பெயரிட்டவரைப் பிறைக்குறிக்குள் இடுவது மரபு. வீடு மாறினாலும் பிறந்த ஊரைச் சொல்வது போல. மாணவர்கள் இனி இத்தகைய பெயரைப் படிக்கும்போது அந்தப் பிறைக்குறியைக் கவனியுங்கள். இருந்தால் அந்த உயிருக்கு ஒரு இடமாற்றம் நடந்திருக்கிறது.

ஒன்றை முதலில் விவரித்தவர் தந்த பெயரே நிற்கும் என்பது விலங்கியலின் விதி. இந்த விதிக்கு 1758-ஆம் ஆண்டைத் தொடக்கமாக வைத்திருக்கிறார்கள். லின்னேயசின் 'இயற்கை அமைப்பு' நூலின் பத்தாம் பதிப்பு வெளியான ஆண்டு அது. ஆனால் சிலந்திகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. 1757-இல் கார்ல் கிளெர்க் என்ற ஸ்வீடன் நாட்டவர் தம் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி வெளியிட்ட நூலின் பெயர்கள் லின்னேயசுக்கு முந்தியவையாக இருந்தும் ஏற்கப்பட்டுள்ளன. அந்த நூல் அவ்வளவு நன்றாக இருந்தது!

விதி எளிது, நடைமுறை எளிதன்று. பைகுல்லியும் அடன்சோனியும் கப்பலேறி ஊர் ஊராகப் பரவியிருந்ததால், ஒவ்வொரு நாட்டிலும் அதைக் கண்ட அறிஞர் 'புதிய இனம்' என்று எண்ணி வேறு வேறு பெயர் சூட்டினார். ஆணுக்கு ஒரு பெயரும் பெண்ணுக்கு ஒரு பெயரும் வைத்த கதைகளும் சிலந்தியியலில் நிரம்ப உண்டு. இரண்டின் நிறமும் அவ்வளவு மாறுபடும். பின்னால் வந்தவர்கள் மாதிரிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, இவை எல்லாம் ஒன்றே என்று கண்டு, 1826-இன் பெயரை மட்டும் நிறுத்தி மற்றவற்றை நீக்கினார்கள். இதற்குப் பல தலைமுறை ஆயிற்று.

எதைக் கொண்டு 'ஒன்றே' என்று தீர்மானிக்கிறார்கள்? நிறத்தைக் கொண்டன்று. நிறம் வயதுக்கேற்ப மாறும். சாராயத்தில் இட்டு வைத்தால் வெளுத்துப் போகும். நம்பத்தக்க அடையாளம் இனப்பெருக்க உறுப்பே. சிலந்தியின் வாயருகே இரு குட்டைக் கால்கள் போல முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கைகளைப் பார்த்திருப்பீர்கள். வயது வந்த ஆணில் அவற்றின் நுனி குமிழ் போலப் பருத்திருக்கும். விந்தைப் பெண்ணிடம் சேர்க்கும் கருவி அதுவே. அந்தக் குமிழின் முள், வளைவு, பள்ளம் எல்லாம் இனத்துக்கு இனம் வேறு. பெண்ணின் வயிற்றடியில் அதற்கு ஏற்ற தகடு ஒன்று உண்டு, அதுவும் அப்படியே. இவற்றைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தால்தான் இன்றைய அறிஞர் ஒப்புவார். உறுப்பைத் தனியே பிரித்துப் பெரிதாக்கி வரைய வேண்டும் என்ற அந்த வழியில் சாவினி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருந்தார்.

கண்ணை இழந்தவரின் கதையைச் சொல்லிவிட்டு, சிலந்தியின் கண்ணைச் சொல்லாமல் போகக் கூடாது. தாவும் சிலந்திக்கு எட்டுக் கண்கள். ஆறு கண்கள் பக்கவாட்டிலும் மேலேயும் அமைந்து, ஏறக்குறைய நாற்புறமும் அசைவு ஏதும் உண்டா என்று காவல் காக்கும். நீங்கள் விரலை நீட்டியதை முதலில் கண்டது இவைதான். முன்னே பெரிய மோட்டார் விளக்குகள் போல இரண்டு உள்ளன; அவை உருவத்தை அறியும் முதன்மைக் கண்கள். வில்லை தலையோடு பதிந்து அசையாது. ஆனால் அதன் பின்னே நீண்ட குழல் இருக்கிறது. குழலின் கடையில் விழித்திரை. குழலை ஆறு தசைகள் இழுத்து ஆட்டுகின்றன. தலையை அசைக்காமலேயே உங்கள் முகத்தை மேலும் கீழும் அளந்து பார்க்க அதனால் முடியும். விழித்திரையோ ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அடுக்கு! எதற்கு நான்கு என்பது நெடுநாள் புதிராக இருந்தது.

விடையின் ஒரு பகுதி 2012-இல் ஜப்பானின் ஒசாகாவிலிருந்து வந்தது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்ட சிலந்தி, நம் ஹசாரியஸ் அடன்சோனியே. ஆழத்தில் உள்ள இரண்டு அடுக்குகளும் பச்சை ஒளியை உணர்பவை. கடைசி அடுக்கில் பச்சை ஒளியின் உருவம் தெளிவாக விழுகிறது. அதற்கு முந்தைய அடுக்கில் எப்போதுமே மங்கலாக விழுகிறது. பொருள் எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மங்கல். அந்த மங்கலின் அளவைக் கொண்டுதான் சிலந்தி தூரத்தைக் கணிக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். அதை எப்படிச் சோதிப்பது? பச்சை ஒளியில் ஈயைக் காட்டினார்கள். சிலந்தி சரியாகப் பாய்ந்தது. பச்சை கலவாத செவ்வொளியில் காட்டினார்கள். சிவப்பு ஒளி கண்ணில் சற்றுப் பின்தள்ளிக் குவியும். ஆகவே மங்கல் கூடும். ஈ உள்ளதைவிட அருகில் இருப்பதாகச் சிலந்தி ஏமாற வேண்டும். அப்படியே ஏமாந்தது! ஈக்கு முன்னாலேயே குறைப் பாய்ச்சலாக விழுந்தது.

சாவினி காலத்தில் ஒரு படமும் ஒரு பெயரும் போதுமானதாக இருந்தது. இன்று எப்படி என்பதற்கு இன்னோர் ஆப்பிரிக்கச் சிலந்தியைக் காண்போம். கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரை. அங்குள்ள வீட்டுச் சுவர்களிலும் மரங்களிலும் சுமார் 5 மி.மீ. அளவில் ஒரு தாவும் சிலந்தி உண்டு. அதை 2003-இல் போலந்து நாட்டு அறிஞர் வாண்டா வெசொவோவ்ஸ்காவும் நியூசிலாந்தில் பணியாற்றிய ராபர்ட் ஜாக்சனும் 'எவார்க்கா குலிசிவோரா' என்ற பெயரில் விவரித்தார்கள். குலிசிவோரா என்றால் கொசுவுண்ணி. வெசொவோவ்ஸ்கா ஆப்பிரிக்கத் தாவும் சிலந்திகளை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர். இக்காலத்தில் புதிய இனத்தை விவரிப்பதென்றால், ஒரு தனிச் சிலந்தியை 'மூலமாதிரி' என்று குறித்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். எங்கே, எப்போது கிடைத்தது என்று எழுத வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் அளக்க வேண்டும். ஆண் பெண் இரண்டின் இனப்பெருக்க உறுப்புகளையும் வரைய வேண்டும். நெருங்கிய உறவினங்களிலிருந்து எதில் மாறுபடுகிறது என்று காட்ட வேண்டும். ஐயம் எழுந்தால் நாளை யாரும் அந்த மாதிரியை எடுத்துப் பார்க்கலாம். ஓதுவான் பெயரிட்ட சிலந்திகளுக்கோ சாவினியின் படத்தட்டுகளே ஆதாரம்.

கொசுவுண்ணிக்குப் பெயர் கிடைத்த பிறகுதான் அதன் அதிசயம் முழுதும் வெளிவந்தது. அது சாதாரணக் கொசுவை விட்டுவிட்டு, இரத்தம் குடித்த பெண் கொசுவைத் தேடிப் பிடிக்கிறது என்று 2005-இல் காட்டினார்கள். நம் தோலைக் குத்தி இரத்தம் எடுக்கும் வாய் சிலந்திக்கு இல்லை. அதனால் கொசு எடுத்துவைத்ததை அது எடுத்துக்கொள்கிறது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு வயிற்றைத் தூக்கிச் சாய்ந்து அமரும் அல்லவா? பள்ளிப் பாடத்தில் படம் போட்டு மனப்பாடம் செய்கிறோமே, அந்த அடையாளத்தைக் கொண்டே குஞ்சுச் சிலந்தி அனோபிலிசைக் கண்டுகொள்கிறது! மனிதர் அணிந்து கழற்றிய காலுறையின் வாடை அதற்குப் பிடிக்கும் என்பதும் 2011-இல் சோதனையில் தெரிந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக் கொசுக்களைப் பார்க்கும்போது இவர் இங்கே குடிவரக் கூடாதா என்று தோன்றுகிறது. ஆனால் அவர் விக்டோரியா ஏரிப் பகுதியை விட்டு நகர்பவரல்லர்.

நம் பக்கத்துச் சிலந்திகளுக்கும் தொலைவிலிருந்தவர்களே முதலில் பெயரிட்டார்கள். முசுறு எறும்பைப் போலவே வேடமிடும் தாவும் சிலந்தி ஒன்று நம் தோப்புகளில் உண்டு. இலங்கைப் பேராதனைத் தோட்டத்தின் துவைட்ஸ் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, 1869-இல் இங்கிலாந்தின் கிராமப் பாதிரியார் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் அதை விவரித்தார். பின்னர் 1919 முதல் ஷெரிஃப்ஸ் தென்னிந்தியச் சிலந்திகளைப் பற்றி எழுதினார். 1934-இல் ரைமோசரும் தென்னிந்தியச் சிலந்திகளைப் பற்றி எழுதினார். விடுதலைக்குப் பின் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் டிகாதர் தொகுதி தொகுதியாக எழுதி, 1987-இல் இந்தியச் சிலந்திகளுக்கு ஒரு கையேடும் தந்தார். இன்று நம் நாட்டு இளைஞர்களே பெயர் சூட்டுகிறார்கள். மகாராஷ்டிரத்தின் தானே பகுதியில் கிடைத்த ஒரு தாவும் சிலந்திக்கு 2021-இல் 'இசியஸ் துக்காராமி' என்று பெயர் வைத்தார்கள். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது துப்பாக்கியைத் தம் உடலோடு பற்றிக்கொண்டு ஒரு பயங்கரவாதியை உயிரோடு பிடிக்க உதவி, உயிர் நீத்த காவலர் துக்காராம் ஓம்பளேயின் பெயர் அது.

வேலை முடிந்துவிடவில்லை. தாவும் சிலந்திகளில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. எல்லாக் குடும்பங்களையும் சேர்த்து உலகின் 50,000-ஆவது சிலந்தி 2022 ஏப்ரலில் பட்டியலில் ஏறியது. அதுவும் பிரேசிலிலிருந்து வந்த ஒரு தாவும் சிலந்தியே.

சரி, உங்கள் தூணுக்கு வருவோம். அவர் இன்னும் அங்கேயே இருப்பார். கையில் ஒரு சாதாரண உருப்பெருக்கி இருந்தால் போதும். இல்லையென்றால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் உணர்கையின் நுனியைக் கவனியுங்கள். குமிழ் பருத்திருந்தால் வயது வந்த ஆண். பிறகு முதுகு: நடுவே ஓடும் வெள்ளைப் பட்டையா, எதிரெதிரே இரு பிறைகளா? பட்டையென்றால் பைகுல்லி என்று எண்ணலாம். பிறைகளும் செம்முகமும் இருந்தால் பெரும்பாலும் அடன்சோனிதான். தட்டை உடலும் சாம்பல் மயிருமானால் மெனிமெரஸ். தேதியையும் இடத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கொல்ல வேண்டியதில்லை, அது நம்மைத் தேடி வந்து கடிப்பதும் இல்லை. பெண்ணாக இருந்தால் நிறத்தை வைத்து உறுதியாகச் சொல்வது கடினம். குஞ்சாக இருந்தால் சொல்லவே முடியாது. கடைசித் தோலை உரித்த பிறகே உறுப்புகள் முழு உருப் பெறும். அதுவரை குறிப்பேட்டில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவைத்து, ஸ்ரீரங்கம் போய்த் திரும்பும்போதெல்லாம் அதே தூணைப் பார்த்து வாருங்கள்.